எர்த்து வேறு, கிரவுண்டு வேறு

பருப்பு கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மந்தாரக்குப்பத்தில் என் அண்ணன் வீட்டுச் சமையலறையில், போன மாதம் ஒரு காலையில் நான் கண்ட காட்சி இது. கூரையில் துவரம்பருப்பு. ட்யூப்லைட்டில் தக்காளித் தோல். குக்கர் மூடியின் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு எங்கோ போயிருந்தது. நடுவில் அண்ணன் — கையில் ஈரத் துணியுடன், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

“விசிலே வரலடா” என்றார்.

வந்திருக்கும். வந்து வந்து, தண்ணீர் சுண்டி, பருப்பு நுரை ஏறி ஓட்டையை அடைக்கிறவரை வந்திருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். அண்ணனுக்குத்தான் கேட்கவில்லை.

அண்ணன் பெயர் கலியமூர்த்தி. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டியவர். நெய்வேலிப் பக்கம் வராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதை ஆட்டிவைத்த மனிதர் ஒரு குக்கரிடம் தோற்று நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தார். அண்ணி காலமான பிறகு தனியாள். காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டது. காது மெஷின் இருக்கிறது... ஃப்ரிட்ஜ் மேல். “அத்த மாட்டிகினு தாளிச்சா மண்டைக்குள்ள கடுகு வெடிக்குது” என்பார். ஆகவே சமைக்கும்போது மட்டும் மாட்டமாட்டார். சிக்கல் என்னவென்றால், அவர் பாதி நாள் சமைத்துக்கொண்டேதான் இருப்பார்.

அதுவும் சும்மா சமையல் இல்லை. அவர் விரால் மீன் குழம்பு வைக்கிறார் என்று தெரிந்தால் நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் போகும். கிண்ணம் திரும்பி வரும்போது அதோடு நாலு வார்த்தைப் பேச்சும் வரும். காது கேட்காத மனிதருக்கு ஊரோடு இருக்கிற உறவே அந்தக் கிண்ணம்தான்.

அன்று மாலையே பெங்களூரிலிருந்து வீடியோ கால். அண்ணன் மகன் சரவணன்.

“சித்தப்பா, போதும். போன தடவை தீஞ்சுது, இந்தத் தடவை வெடிச்சிருக்கு. அடுத்து என்ன? மாசக் கடைசில நான் வர்றேன். கேஸ் கனெக்‌ஷனை சரண்டர் பண்ணிட்டு அப்பாவை இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்.”

அவனைக் குறை சொல்ல முடியுமா? என் அப்பா கூரையில் பருப்பு ஏற்றியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 

அண்ணன் திரையில் மகனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ‘கேஸ்’ என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். போன் அணைந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையைத் துடைக்க ஆரம்பித்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

“அங்க போயி இன்னாடா பண்ணுவேன்? அங்க அடுப்பு அவன் பொண்டாட்டிது. ஒக்காந்துகினு தின்றதா?”

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பதில் சொன்னாலும் கேட்டிருக்காது.

இனி என் மனைவி கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிகல் டிப்ளமோ. மின் பராமரிப்புப் பிரிவில் பெர்மனென்ட் வேலை. வீட்டுக்கு வந்தால் பொழுதுபோக்கும் அதுதான். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் சால்டரிங் அயர்ன், மீட்டர், டப்பா டப்பாவாகச் சின்னச் சின்ன சாமான்கள். நானும் டூட்டி முடிந்து வந்து மறுபாதியில் இந்தப் பத்தியை எழுதுவேன். பல நாள் என் தயிர்சாதத்தில் ஈய வாசனை அடித்திருக்கிறது.

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒரே வரி.

“கேக்கலன்னா பாக்கட்டும்.”

அதாவது — குக்கர் விசில் அடித்தால் ஒரு லைட் பளிச்சென்று எரிய வேண்டும். அவ்வளவுதான். 

‘டைமர் வாங்கி வைக்கலாமே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நம்ம ஊர்ல யாராவது பருப்பை நிமிஷக் கணக்குல வேகவைக்கறாங்களா?” என்றாள். உண்மைதானே? அரிசி புதுசா பழசா, கேஸ் நிறைய இருக்கிறதா தீரப்போகிறதா... எல்லாவற்றுக்கும் சேர்த்து நம் பெண்கள் வைத்திருக்கும் ஒரே அளவு விசில்தான். இந்தியா முழுக்கச் சமையல் குறிப்பு அப்படித்தான் ஓடுகிறது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இல்லை?

முதலில் ஓட்டைகள் நிறைந்த ‘ஜீரோ போர்டு’ ஒன்றில் மைக்கையும் லைட்டையும் ஒயர் ஒயராக இழுத்துச் சால்டர் செய்து, அண்ணன் வீட்டு அடுப்புக்கு மேல் மாட்டினாள். முதல் நாளே வேலை செய்தது. ஒரே குறை — பக்கத்து வீட்டுக் குக்கருக்கும் எரிந்தது. அவர்கள் வீட்டு உருளைக்கிழங்கு வெந்ததும் அண்ணன் தன் அடுப்பை அணைத்துவிட்டு, வேகாத சாதத்துடன் உட்கார்ந்திருந்தார். சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி வைத்து அதைச் சரி செய்தாள்.

ஆனால் சமையலறை லேசுப்பட்ட இடமா? ஆவி, எண்ணெய்ப் பிசுக்கு, அண்ணன் ஜன்னல் கதவை அறைந்து சாத்துகிற அதிர்ச்சி... நாலாம் நாள் ஒரு ஒயர் விட்டுப்போனது. நல்லவேளையாக நான் அங்கே இருந்தேன், அடுப்பை அணைத்தேன். இல்லாவிட்டால் கூரைக்கு இன்னொரு பூச்சு.

“இதெல்லாம் சரிப்படாது. முறையா போர்டே அடிச்சுடலாம்” என்றாள் கோமதி.

முறையான போர்டு என்றால்? உங்கள் வீட்டு ரிமோட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாக ஒரு தகடு இருக்கும், அதில் ஒயர்களே இருக்காது. தாமிரக் கோடுகள்தான் ஒயர். அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பினால், அச்சடித்ததுபோலச் செய்து கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். கம்பெனிகளுக்கு மட்டும்தான் செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருக்கும் கோமதிக்கும் செய்வார்களாம். அங்கே திறந்த என் வாய் இன்னும் முழுசாக மூடவில்லை.

வரைவதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். எது?

இதில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. லேப்டாப் என்னுடையது என்பதால் நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பெயர்களைச் சொல்லமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். குணத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, டவுன்லோடே வேண்டாம் — பிரவுசரில் திறந்து உடனே வரையலாம். எந்தச் சாமான் வேண்டும் என்று தேடினால் படத்தோடு வந்து நிற்கிறது. எடுத்து வை, கோடு போடு, முடிந்தது. எனக்கே வரைய வந்துவிடும்போல் இருந்தது. “இதுவே போதுமே” என்றேன். கோமதி நடுவில் எழுந்து போய் வைஃபையை அணைத்துவிட்டு வந்தாள். திரை அப்படியே நின்றுவிட்டது. “படம் அவங்க வூட்டுல இருக்கு. நம்ம வீட்டுல இல்ல” என்றாள். (அவளுடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். ‘வூடு’ என்பது எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. சமயத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்.)

இரண்டாவது, பெரிய கம்பெனியுடையது. பளபளவென்று இருந்தது. பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்களுக்கு இலவசம் — ஆனால் போர்டு இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது, வருடா வருடம் வந்து கையெழுத்துப் போடுவதுபோல லாகின் செய்ய வேண்டும், நிபந்தனை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கோமதிக்கு அது பிடித்திருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மௌஸ் அதை விட்டு நகரவே இல்லை. பிறகு பெருமூச்சு விட்டு மூடிவிட்டாள்.

“ஏன்?” என்றேன்.

“நாம எத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கோம்? ஒரு ஆணி அடிக்கணும்னாலும் யோசிக்கறோமா இல்லையா? நீங்க ரிட்டயர் ஆனா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பணும். வரையறதாவது சொந்த வீட்டுல வரையலாம்.”

குவார்ட்டர்ஸில் வாழ்க்கையைக் கழித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? எங்கள் பிளாக்கில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மாமரம் நட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்... காய் யாருக்கோ.

மூன்றாவது, முழு இலவசம். நிபந்தனை கிடையாது. டவுன்லோட் ஆக மத்தியானச் சாப்பாடு முடிகிறவரை ஆனது. திறந்தால் தலை சுற்றியது. எங்கே தொட்டாலும் ஒரு மெனு. முதல் ஒரு மணி நேரம் கோமதிக்கு ஒரு சாமானை எடுத்து வைக்கவே வரவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

“இதை யார் விக்கறாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் விக்கல. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதினது. எழுதிக்கிட்டே இருக்காங்க. எந்த ஊர்ல எவரோ... பாதிப் பேருக்குச் சம்பளமே கிடையாது. ஃபைல் நம்மகிட்ட இருக்கும். நெட் இல்லாட்டியும் திறக்கும். பத்து வருஷம் கழிச்சும் திறக்கும்.”

நான் சிரிப்பதை நிறுத்தினேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் — குளிர்நாடோ, வெயில்நாடோ — தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து ஒரு வரி எழுதிவைக்கிறார். அது வந்து மந்தாரக்குப்பத்தில் கலியமூர்த்தியின் பருப்புக்கு உதவுகிறது. அவருக்குக் கலியமூர்த்தியையும் தெரியாது, பருப்பையும் தெரியாது. சாமி கும்பிடுகிறவன்தான் நான், இருந்தாலும் அன்றைக்குக் கும்பிடத் தோன்றியது லேப்டாப்பை.

ஆக, வீட்டில் சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்க: எது சுலபம் என்று மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘நான் வரைந்தது யாரிடம் இருக்கும்?’ என்றும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு போர்டு என்றால் பிரவுசர்க்காரன் தங்கமானவன், நானே சிபாரிசு செய்வேன். நிலைத்து இதிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் கஷ்டப்பட்டாவது சொந்த வீடு.

ஒரு வாரம் போனது. டூட்டி முடிந்து வந்ததும் கோமதி லேப்டாப் முன்னால் உட்காருவாள். படம் வளர்ந்தது. ஒரு மாலை அவள் ஏதோ பட்டனைத் தட்டினாள்... அந்தத் தட்டைப் படம் எழுந்து நின்று, நிஜப் போர்டாக மாறி, திரையில் மெதுவாகச் சுழன்றது. மேல்பக்கம், அடிப்பக்கம், ஓரம். ஒவ்வொரு சாமானும் நிழலோடு உட்கார்ந்திருந்தது. இல்லாத பொருளுக்கு நிழல். கையை நீட்டி எடுத்துவிடலாம் போலிருந்தது.

அன்று அண்ணனும் வந்திருந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“பிளாக்கு பிளாக்கா பிரிச்சி, நடுவுல ரோடு வுட்டு... நம்ம டவுன்ஷிப்பு மேரியே இருக்குதே.”

கோமதி அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிதானமாக, உதடு தெரியும்படி விளக்கினாள். இது மைக். இது லைட். இது எண்ணுகிற சில்லு — பருப்புக்கு மூன்று, கறிக்கு ஆறு என்று வைத்துவிட்டால் போதும், அதுவே எண்ணி, முடிந்ததும் லைட் போட்டுச் சொல்லும்.

அண்ணன் அந்தச் சில்லின் மேல் விரலை வைத்தார்.

“இது வேணாம்மா. விசிலு வந்தா காட்டச் சொல்லு, போதும். எண்றத நான் எண்ணிக்கிறேன்.”

“ஏன் மாமா? சுலபமா இருக்குமே.”

“காதுதானே போச்சி? எண்ணவுமா மறந்துட்டேன்?”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கோமதி அந்தச் சில்லைத் தேர்ந்தெடுத்து, டெலீட்டைத் தட்டினாள். ஒரு வார வேலையில் பாதி காணாமல் போனது. மறுநாள் அந்த இடத்தில், நெட்டில் யாரோ போட்டிருந்த எளிமையான லைட் சர்க்யூட் ஒன்றை எடுத்துப் பொருத்திக்கொண்டாள்.

பிறகு படத்தை நிஜ அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, தெர்மோகோல் மேல் ஒட்டி, ஒவ்வொரு சாமானின் காலையும் அதனதன் புள்ளியில் குத்திப் பார்த்தாள். எல்லாம் அச்சாக இறங்கின. கடைசியாக, போர்டின் ஓரத்தில் பெயர் எழுத வேண்டும். எல்லோரும் இங்கிலீஷில்தான் எழுதுவார்களாம். கோமதி தமிழில் தட்டினாள் — ‘விசில்’. சி-யின் மேல்விலங்கு ஒழுங்காக வளைந்தது. ல்-லின் புள்ளி ஒழுங்காக உட்கார்ந்தது. அந்த முகம் தெரியாத ஆட்களில் எவரோ ஒருவர் நம் எழுத்துக்கும் சேர்த்து இடம் விட்டுவைத்திருக்கிறார்.

அனுப்புவதற்கு முன்னால் சாஃப்ட்வேர் தானே ஒருமுறை சரிபார்த்து, எச்சரிக்கைகளை வரிசையாகக் காட்டியது. எழுத்து ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, இந்தச் சாமானுக்கு விலாசம் இல்லை... இப்படி ஒரு பட்டியல். அதில், ‘இந்தக் காலுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை’ என்ற மாதிரியும் ஒரு வரி. “இதை எல்லாருக்கும் சொல்லுமாம், கண்டுக்க வேணாம்னு போட்டிருக்காங்க” என்று கோமதி தள்ளிவிட்டு ஆர்டர் போட்டாள்.

கூரியர் வருவதற்குள் எங்களுக்கு உயிர் போனது. சரவணன் டிக்கெட் போட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை வருகிறான். புதன்கிழமைதான் பார்சல் வந்தது.

பபிள் கவரைப் பிரித்தாள். குறைந்தது ஐந்து எடுத்தாக வேண்டும் என்பதால் ஐந்து போர்டு. கரும்பச்சை. பிஸ்கட் அளவு. விளிம்பில் விரலை ஓட்டினால் வழுக்கியது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான கோடுகள், ஒன்றுகூட ஒன்றை இடிக்காமல் வளைந்து வளைந்து ஓடின. ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ‘விசில்’. நாங்கள் இருவரும் ஆளுக்கொன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் நினைத்த ஒன்று, தொட முடிகிற பொருளாகத் திரும்பி வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது... சால்டர் புகை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, சாக்குச் சொல்ல வழியில்லை.

சால்டர் செய்து முடித்தாள். போன் சார்ஜரைச் சொருகினாள். எங்கள் குக்கரை ஏற்றினோம்.

விசில் வந்தது.

லைட் எரியவில்லை.

இன்னொரு விசில். ஊஹூம். கோமதி மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தானே விசில் அடித்தாள். போர்டு அழகாக, அமைதியாக இருந்தது. படத்தில் அவ்வளவு அழகாகச் சுழன்ற போர்டு வேலை செய்தே தீரும் என்று நான் நினைத்திருந்தேன். அழகுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? இந்த வயதில் புரிகிறது.

மறுநாள் கோமதி லீவு போட்டாள். மீட்டரை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். தொடர்பு இருந்தால் மீட்டர் ‘பீப்’ என்று கத்தும். கத்திக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் கத்தவில்லை. அவள் மறுபடி தொட்டாள். கத்தவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“எர்த்து” என்றாள்.

“என்ன எர்த்து?”

“வேலையில சேர்ந்த முதல் நாள்லருந்து எனக்கு எல்லாம் எர்த்துதான். எதைத் தொடறதுக்கு முன்னாடியும் எர்த்து. அந்தப் பழக்கத்துல மைக் பக்கம் எல்லாம் எர்த்துன்னு குறி போட்டிருக்கேன். லைட் பக்கம் நெட்டுல எடுத்ததா... கரண்ட் திரும்பிப் போற அதே கம்பியை அவன் கிரவுண்டுன்னு போட்டிருக்கான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“நமக்கு ஒண்ணு. இதுக்கு வேற.”

அவ்வளவுதான் விஷயம். பெயர் வேறு என்றால் ஆள் வேறு — சாஃப்ட்வேருக்கு அதுதான் சட்டம். எர்த்துகளை எல்லாம் எர்த்துகளோடு சேர்த்தது. கிரவுண்டுகளை எல்லாம் கிரவுண்டுகளோடு சேர்த்தது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பத்திரமாகப் பிரித்து வைத்தது. மைக்குக்குக் கேட்டது லைட்டுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. சொன்னதைச் சொன்னபடி, மயிரிழை பிசகாமல் செய்திருக்கிறது. அந்த ஒரு வரி எச்சரிக்கையில் வாயைத் திறந்தும் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை.

“இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? போன் சார்ஜர்ல ரெண்டே கம்பி. எர்த்தே கிடையாது” என்று மறுபடி சிரித்தாள். வேறு ஒருவர் என்றால் அழுதிருப்பார். மின்சாரத்தோடு வேலை செய்பவர் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

திரையில் எர்த்துகளைத் தட்டிப் பெயரை எல்லாம் ‘கிரவுண்டு’ என்று மாற்றினாள். மாற்றிய மறுகணம், அதுவரை அந்நியர்களாக இருந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முடி போல் ஒரு வெள்ளைக் கோடு தானாக முளைத்தது. ‘ஓ... நீங்கள் சொந்தக்காரர்களா? அப்படியென்றால் இங்கே ஒரு பாதை போடுங்கள்’ என்று கேட்பதைப்போல. எனக்குப் புல்லரித்தது. கோமதி நிஜப் போர்டில் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கடுகளவு நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டை வைத்துச் சால்டர் செய்தாள். குக்கரை ஏற்றினோம். 

பளிச்.

அந்த வெளிச்சத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. சாஃப்ட்வேர் ஒன்றாக இருக்க வேண்டியதைப் பிரித்துவைத்தது. நாங்கள் செய்தது அதற்கு நேர் எதிர். ‘காது கேட்காது’ என்பது ஒன்று. ‘இவரால் முடியாது’ என்பது வேறு. பெயரே வேறு. அதை நானும் சரவணனும் கேள்வி கேட்காமல் ஒரே கம்பியில் முடிந்துவைத்திருந்தோம். எங்களுக்கு எச்சரிக்கை காட்ட யாரும் இல்லை... இல்லை, அந்தச் சில்லின் மேல் விரலை வைத்து அண்ணனே ஒருமுறை காட்டினார்.

வெள்ளிக்கிழமை சரவணன் வந்தான். வந்ததும் முதலில் சமையலறைக் கூரையைப் பார்த்தான். மஞ்சள் கறை முழுசாகப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றான். நானும் கோமதியும் அவன் பின்னால். கம்பித் துண்டு நிற்குமா? ஆவி பட்டால் என்ன ஆகும்? இன்று ஒருமுறை தவறினால், அண்ணன் இன்று இரவே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அண்ணன் பருப்பைப் போட்டுக் குக்கரை மூடினார். வெயிட்டை வைத்தார். பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம் — அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார். எதிர்ச் சுவரில், முந்தின இரவு கோமதி மாட்டிய போர்டு. காது மெஷின் வழக்கம்போல ஃப்ரிட்ஜ் மேல்.

விசில் வந்தது. சுவர் பளிச்சென்றது.

“ஒண்ணு” என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல். உரித்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு.”

சரவணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அடுப்பைப் பார்த்தான், லைட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பக்கத்து வீட்டில் ஒரு குக்கர் அடித்தது. எங்களுக்குக் கேட்டது. லைட் அசையவில்லை. அண்ணனும் அசையவில்லை.

எங்கள் குக்கர் மறுபடி சீறியது.

“மூணு.” எழுந்தார், அடுப்பை அணைத்தார், கையைக் கழுவினார். அவ்வளவுதான். ஒரு மெஷின் ஆபரேட்டர் தன் ஷிஃப்டை முடிப்பதைப்போல.

நால்வரும் சாப்பிட்டோம். முருங்கைக்காய் சாம்பார், வஞ்சிர வறுவல். சரவணன் மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டான். கேஸ் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. அவனும் வாயெடுக்கவில்லை. சனி போனது, ஞாயிறு போனது. அவன் என்ன முடிவோடு இருக்கிறான் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. கேட்கவும் பயம். அண்ணன் அதைவிட மோசம் — மகன் பக்கம் பார்ப்பதையே தவிர்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை ஆட்டோ வந்து வாசலில் நின்றது. சரவணன் பையை உள்ளே வைத்தான். ஒரு பைதான். ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி அண்ணனைப் பார்த்து ஏதோ சொன்னான். ஆட்டோ குலுங்கியதில் உதடு சரியாகத் தெரிந்திருக்காது. 

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. என் கையைப் பிடித்தார்.

“இன்னாடா சொல்றான்?”

இருக்கிற குரலை எல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“அடுத்த மாசம் வர்றப்போ நண்டு செஞ்சு வைக்கணுமாம்.”

தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

“கேக்குதுடா... ஏன் கத்துற” என்றார் அண்ணன். பிறகு மகன் பக்கம் திரும்பினார். 

“கடல் நண்டா, வயல் நண்டா?”